ஒரு தாள்கூட நுழையாத அலமாரி

ஜூலை 3

அன்புள்ள அத்தைக்கு,

மிளகு எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் சுகமா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதம் வந்தது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தொலைபேசியிலும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். தொலைபேசி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வரும் தபாலையும் அவர்தான் பிரிக்கிறார். அதனால் பதிலை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். அது என் வகுப்புத் தோழி வீடு. அவளை நாங்கள் பென்சில் என்று கூப்பிடுவோம், ஆள் அப்படித்தான் இருப்பாள். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் எல்லாமே அளக்கப்படுகிறது. தொழிற்சாலையில் சாமான்களின் அளவைச் சரிபார்த்த அவருக்கு 'அரைநூல்' என்று பட்டப்பெயர் இருந்தது உங்களுக்கே தெரியும். அங்குலத்தில் அரை நூல் கூடினாலும் குறைந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். இப்போது திருப்பி அனுப்பச் சாமான் இல்லை. நாங்கள்தான் இருக்கிறோம்.

இரண்டு கண்ணாடி அலமாரி செய்கிறார். ஒன்று எங்கள் கூடத்துக்கு, பிரிவு உபசாரத்தில் கொடுத்த கடிகாரத்தையும் கேடயத்தையும் வைக்க. இன்னொன்று உங்களுக்கு. இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

முதல் அலமாரியைப் பின்னறையில் வைத்துச் செய்தார். ஒவ்வொரு பலகையையும் மூன்று தடவை அளந்தார். பின்னறை வாசலை மட்டும் அளக்கவில்லை. செய்து முடித்து நாங்கள் மூன்று பேரும் தூக்கினால் அது வெளியே வரமாட்டேன் என்றது. படுக்க வைத்தோம், சாய்த்தோம், தலைகீழாக்கினோம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு சிரிச்சது?"

"சிரிக்கலீங்க, இருமினேன்."

கடைசியில் நிலைக்கதவையே கழற்ற வேண்டியதாயிற்று. "வாசலை வெச்சவன் அளவு தெரியாதவன்" என்று அப்பா சொன்னார். அந்த வாசல் அவர் பிறப்பதற்கு முன்பே அங்கே இருக்கிறது.

பிறகு அலமாரியின் இரண்டு கதவில் ஒன்று உரசியது. இழைத்தார். அதிகம் இழைத்துவிட்டார், இன்னொரு கதவு செய்தார். பிறகு கண்ணாடி. கடையில் வெட்டிக் கொடுத்த கண்ணாடி சட்டத்தை விடக் கொஞ்சம் சிறியது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். "எல்லாருக்கும் இப்படித்தாங்க குடுக்கிறோம்" என்று கடைக்காரர் சொன்னாராம். "எல்லாரும் முட்டாள்னா நானும் ஆகணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தார். மூன்றாவது கண்ணாடி சரியாக வந்திருக்கிறது. சட்டத்தில் வைத்து விரலால் தட்டி, ஒரு தாளை எடுத்து ஓரத்தில் செருகப் பார்த்தார். போகவில்லை. "பார்த்தியா? ஒரு தாள்கூட நுழையாது" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சந்தோஷம்.

அவர் ஆணி அடிக்கும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்வது நான். மூச்சு விட்டால்கூட "ஆடாதே" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
மிளகு


ஜூலை 12

என் மிளகுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நானும் மாமாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கதவைக் கழற்றினாரா! மாமா லாரியில் சரக்கு ஏற்றும்போது எல்லாம் இனி அதைச் சொல்லிச் சொல்லியே ஏற்றுவார்.

என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். உன் அம்மா எப்படி இருக்கிறாள்? வேளைக்குச் சாப்பிடச் சொல்.

எனக்கு ஓர் அலமாரியா? அதில் எதை வைப்பதாம்? இங்கே எல்லாம் எவர்சில்வர், இல்லாவிட்டால் தகரம். "பேசாம நீயே உள்ளே உட்கார்ந்துக்கோ, நான் துடைச்சு வைக்கிறேன்" என்கிறார் மாமா.

அப்பாவுக்குப் பயப்படாதே. வேலை போன ஆம்பளைக்குக் கை சும்மா இருக்காது. ஏதாவது முடித்துவிட்டால் அடங்கிவிடுவார். படி, தூங்கு. ராத்திரி கண் விழித்து எழுதாதே.

அன்புடன்
அத்தை


ஜூலை 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பென்சில் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். நீங்கள் சுகமாக இருப்பது சந்தோஷம். நான் சுகமாக இல்லை.

கண்ணாடி உடைந்துவிட்டது. நான் உடைக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நம்புகிற ஒரு ஆளாவது எனக்கு வேண்டும்.

ஒரு வாரமாக இங்கே மழை. நான் பள்ளியிலிருந்து வந்து, கூடத்தில் நின்று ஈரமான காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அலமாரி எனக்கு எட்டாத தூரத்தில் சுவரோரம் இருந்தது. டிக் என்று ஒரு சத்தம். நாக்கைத் தட்டினால் வருமே, அந்த அளவுதான். திரும்பிப் பார்த்தால் கீழ் மூலையிலிருந்து மேலே வரைக்கும் ஒரு கோடு.

அப்பா பின்னறையிலிருந்து வந்தார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலப்பா. அதுவா உடைஞ்சுது."

"இங்கே வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"கண்ணாடி தானா உடையாது. ஆயுசு பூராவும் சாமான் பார்த்தவன் நான். எதுவும் தானா உடையாது. எங்கேயோ ஒரு கை இருக்கும்."

பையை வீசினாயா, கதவை இழுத்தாயா, கேடயத்தை எடுத்துப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அவர் அடிக்கவில்லை அத்தை. அடித்திருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "அந்தப் பொண்ணை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்கிறார். அம்மா என்னிடம் சொல்கிறாள். நான் தள்ளுகிறேன்.

இரவுச் சாப்பாட்டில் மட்டும், கடைசி வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "சொல்லணும்னு ஏதாவது இருக்கா?"

நான் இல்லை என்கிறேன். எழுந்து போகிறார். மறுநாளும் அதே கேள்வி.

அம்மா ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு காதில் சொல்கிறாள், "ஒரு வார்த்தைதானேடி. ஆமா, தெரியாம கை பட்டுடுச்சுன்னு சொல்லிடேன். எல்லாருக்கும் நிம்மதி."

படலையே அம்மா என்றால், "படலைன்னா என்ன இப்போ?" என்கிறாள்.

நீங்கள் சொல்லுங்கள் அத்தை. படவில்லை என்றால் என்ன?

மாமாவுக்கு என் வணக்கம்.

மிளகு


ஆகஸ்ட் 2

என் மிளகுக்கு,

எல்லோரும் நலம்தானே. எனக்கு இந்த வாரம் இரவு முறை. அதனால் பதில் தாமதம்.

நீ உடைக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உன் அம்மா சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. உன் அப்பா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சுவரோடு முட்டிக்கொண்டால் நெற்றிதான் புடைக்கும். தெரியாமல் பட்டுவிட்டது என்று ஒரு முறை சொல்லிவிட்டால் இரண்டு நாள் திட்டுவார், பிறகு மறந்துவிடுவார். வீடு வீடாகிவிடும். உன் படிப்பு முக்கியம்.

நானும் உன் வயதில் செய்யாத ஒன்றுக்கு நான்தான் என்று ஒத்துக்கொண்டவள்தான். என்ன குறைந்துபோய்விட்டேன்? நன்றாகத்தானே இருக்கிறேன்.

கோபப்படாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அன்புடன்
அத்தை


ஆகஸ்ட் 5

அத்தைக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நினைக்கிறேன்.

கோபப்படாதே என்று எழுதியிருக்கிறீர்கள். படுகிறேன். அப்பா மேல் படுவதை விட உங்கள் மேல் அதிகமாகப் படுகிறேன். அப்பா நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல் என்கிறார். நீங்கள் நான் உண்மையைச் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே பொய் சொல் என்கிறீர்கள். இரண்டில் எது மோசம்?

புதுச் செய்தி ஒன்று. நேற்று அப்பா விடுதிப் பள்ளி விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்தார். சேர்க்கும் காரணம் என்று கேட்டிருக்கும் இடத்தில் அவருடைய அச்சு மாதிரியான எழுத்தில் 'உண்மை பேசும் பழக்கம் இல்லை' என்று எழுதியிருக்கிறார். அதைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் ஒத்துக்கொண்டால் கிழித்துப் போடுவாராம். இல்லாவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து அங்கேதான். பென்சிலின் அக்கா அங்கே படித்தாள். ஒரு கூடத்தில் நாற்பது கட்டிலாம். ஞாயிற்றுக்கிழமையும் வெளியே விடமாட்டார்களாம்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. நான் போய்விட்டால் அம்மா யாரோடு பேசுவாள்? ஆனால் நான்தான் உடைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் வாய் திறக்கமாட்டேன் என்கிறது. வேண்டுமென்றே இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

நீங்கள் எதற்கு ஒத்துக்கொண்டீர்கள்? யார் செய்தது அது? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே. குறைந்துபோகவில்லை என்றால் எழுதலாமே.

மிளகு


ஆகஸ்ட் 24

அன்புள்ள அத்தைக்கு,

பென்சிலிடம் தினமும் கேட்கிறேன். தினமும் உதட்டைப் பிதுக்குகிறாள். போன கடிதத்தில் மரியாதை இல்லாமல் எழுதிவிட்டேனா? எழுதிவிட்டேன்தான். ஆனால் வருத்தப்படவில்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று மட்டும் கவலை.

அப்பா புதுக் கண்ணாடி போட்டார். அதே கடை, அதே அளவு, ஒரு தாள்கூட நுழையாத அளவு. இந்த முறை என்னைப் பிடிக்கச் சொல்லவில்லை. அம்மாதான் பிடித்தாள். போட்டு முடித்துக் கதவைச் சாத்தி, என்ன செய்தார் தெரியுமா? தொழிற்சாலையில் தான் பார்த்து முடித்த பெட்டிகளுக்குப் பசை தடவி ஒட்டும் சீட்டு இன்னும் ஒரு கட்டு வைத்திருக்கிறார். அதில் ஒன்றை எடுத்து இரண்டு கதவுக்கும் சேர்த்து நடுவில் ஒட்டினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். "இனிமே யார் கை வெச்சாலும் தெரிஞ்சுடும்" என்று அலமாரியைப் பார்த்துச் சொன்னார். கடிகாரமும் கேடயமும் உள்ளே சிறையில் இருக்கின்றன. அம்மாவுக்குத் தூசி துடைக்கக்கூட வழியில்லை.

நான் அந்தப் பக்கமே போவதில்லை. கூடத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடக்கிறேன், திருடி மாதிரி.

ஒன்றைக் கவனித்தேன். மழை ஆரம்பித்ததிலிருந்து அடுப்படிக் கதவு சாத்த வரவில்லை. ஊறிப் பெருத்துவிட்டது. அம்மா காலால் உதைத்துச் சாத்துகிறாள். அப்பா வழக்கம்போல "செஞ்சவன் சரியில்ல" என்கிறார். அந்தக் கதவு பெருத்தால் அலமாரியின் சட்டமும் பெருக்காதா? முறுக்கிக்கொள்ளாதா? அப்போது நடுவில் இருக்கும் கண்ணாடி எங்கே போகும்? ஒரு தாள் நுழையக்கூட இடம் இல்லையே. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கேட்கிற கேள்விக்கு இது பதில் இல்லை. அவர் கேட்பது

அத்தை, இப்போது சத்தம் கேட்டது. டிக் என்று. அதே சத்தம்.

போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கண்ணாடியில் மேலிருந்து கீழே கோடு. சீட்டு அப்படியே இருக்கிறது! விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், நகத்தால்கூடத் தொடவில்லை. தேதி, கையெழுத்து எல்லாம் முழுசாக இருக்கிறது. ஓரம்கூடப் பிரியவில்லை.

விடிந்ததும் அப்பா பார்ப்பார். அவருடைய கையெழுத்தே எனக்குச் சாட்சி. அவரால் என்ன சொல்ல முடியும்? அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. போய்ப் படுக்கிறேன். யாராவது விழித்துக்கொண்டால் வம்பு.

மிளகு


ஆகஸ்ட் 26

அத்தைக்கு,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

நேற்றுக் காலையில் நான் எழுந்து வந்தபோது அப்பா அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். சீட்டு நடுவில் இரண்டாகக் கிழிந்திருந்தது. பாதி இந்தக் கதவில், பாதி அந்தக் கதவில்.

நான் கிழிக்கவில்லை. அம்மா அதைத் தொடமாட்டாள். வீட்டில் மூன்று பேர்தான் இருக்கிறோம்.

"இப்போ என்ன சொல்றே?" என்று கேட்டார். இத்தனை நாளைக்குப் பிறகு பகலில் என்னோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை.

ராத்திரி முழுசாக இருந்ததே அப்பா, நான் பார்த்தேனே என்று தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் ராத்திரி நீ ஏன் எழுந்தாய் என்பார். அடுப்படியில் என்ன வேலை என்பார். உங்கள் கடிதங்கள் அரிசிப் பெட்டிக்கு அடியில் இருக்கின்றன. எல்லாம் வெளியே வரும். அதோடு நான் பார்த்தேன் என்பதும் என் வார்த்தைதானே. என் வார்த்தைக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு? விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டார்.

அதனால் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பார்வையைக் கேடயத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை, அவருக்குத் தெரியும். நான் உடைக்கவில்லை என்று அவருக்கு இப்போது தெரியும். தெரிந்தும் கிழித்திருக்கிறார். முதலில் தெரியாமல் பழி போட்டார், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை. "கதவு இறுகிடுச்சு, திறக்க முடியல" என்றாள். தினமும் உதைத்துத் திறக்கிறவளுக்கு அன்றைக்கு மட்டும் திறக்க முடியவில்லையாம்.

நேற்று ராத்திரியும் கேட்டார். சொல்லணும்னு ஏதாவது இருக்கா? இல்லை என்றேன். அடுத்த மாத முடிவில் விண்ணப்பத்தை அனுப்பப் போகிறாராம்.

பயமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது. கோபம் இருக்கும்போது பயம் கொஞ்சம் தள்ளி உட்காருகிறது, அதனால் அணையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் பதில் போடாவிட்டாலும் எழுதுவேன்.

மிளகு


செப்டம்பர் 4

என் கண்ணு மிளகுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, எழுத முடியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மாமாதான் உன் கடைசி இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு, "நீ எழுதுறியா, இல்ல லாரியை அந்தப் பக்கம் திருப்பட்டுமா?" என்றார்.

ஒத்துக்கொள்ளாதே. நான் முன்பு எழுதியதை அடித்துவிடு. யார் கெஞ்சினாலும், உன் அம்மா அழுதாலும், ஒத்துக்கொள்ளாதே. ஒரு தடவை ஆமாம் என்றால் பிறகு அந்த வீட்டில் எது உடைந்தாலும் அது உன் கையாகத்தான் இருக்கும்.

உன் அப்பாவுக்கு இன்று தனியாக எழுதியிருக்கிறேன், வீட்டு முகவரிக்கே. நீ எனக்கு எழுதுவது அதில் தெரிந்துவிடும். சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். அதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. விடுதி என்று ஆகிவிட்டால் விடுதிக்குப் போகாதே, இங்கே வா. இங்கே ஒரு கட்டில்தான். உன்னோடு நான் கீழே படுத்துக்கொள்வேன்.

தைரியமாக இரு.

அத்தை


செப்டம்பர் 4

அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலம்தானே. உன் பெண் எப்படி இருக்கிறாள் என்று உன்னைக் கேட்கவில்லை. அவளே எழுதுகிறாள். அதற்காக அவளை ஒரு வார்த்தை கேட்டாய் என்று தெரிந்தால் நான் அங்கே வந்து நிற்பேன்.

நம் அப்பாவின் முகம் மழிக்கும் கண்ணாடி உனக்கு நினைவிருக்கிறதா? கிணற்றடிச் சுவரில் மாட்டியிருக்குமே. நீ அதை எடுத்துக்கொண்டு போய், வெயிலைப் பிடித்து எதிர் வீட்டு ஜன்னலில் அடித்து விளையாடினாய். கை நழுவியது. அப்பா நம் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். நீ தரையைப் பார்த்தாய். உன் கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நான்தான் என்றேன். நீ என்னை ஒத்துக்கொள்ளச் சொல்லவில்லை, உண்மை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, இதோ தலை நரைத்துவிட்டது, இன்னும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன உடைந்தாலும் நான்தான். பூனை தள்ளியது நான். காற்றில் விழுந்தது நான். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் தகர டம்ளர். என் கல்யாணத்தன்று என் மாமியாரிடம் அப்பா, "இவ கையில கண்ணாடிச் சாமான் குடுத்துடாதீங்க" என்று சொல்லிச் சிரித்தார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் அண்ணா. நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் என் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் கிடையாது. வாங்கத் தோன்றவில்லை. எனக்கு அலமாரி செய்கிறாயாம். அதில் எதை வைக்க? அந்தத் தகர டம்ளரையா?

அதெல்லாம் போகட்டும். நீ அப்போது சின்னப் பையன், பயந்தாய். இப்போது உனக்கு யாரிடம் பயம்? உன் பெண்ணிடமா? உன் கையெழுத்தை நீயே கிழித்துப்போட்டு அதை அவள் தலையில் வைக்கிற அளவுக்கா? எதுவும் தானாக உடையாது, எங்கேயோ ஒரு கை இருக்கும் என்றாயாம். சரிதான். அந்தக் கை எதுவென்று உனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும்.

உன் அலமாரி எனக்கு வேண்டாம். அந்த விண்ணப்பம் தபாலில் போனால் உனக்குத் தங்கையும் வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் தங்கை


செப்டம்பர் 19

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் சுகமா? முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன், ஒப்புக்கு இல்லை.

இந்தக் கடிதத்தைக் கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி இரவு எட்டுகூட ஆகவில்லை. அப்பா தன் நாற்காலியில் இருக்கிறார். பேனாச் சத்தம் அவருக்குக் கேட்கும்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவர் அதை நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்தும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. எனக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அரிசிப் பெட்டிக்கு அடியிலிருந்து உங்கள் கடிதங்களை எடுத்துப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டேன், துரத்தினால் அப்படியே கிளம்பிவிடலாம் என்று.

இரவு சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா கடைசி வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்திருக்கப் போனார்.

அப்போது அம்மா, பாத்திரத்தை மூடிக்கொண்டே, நாளைக்கு என்ன சமைக்க என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "அன்னிக்குக் காலையில தண்ணி பிடிக்க நான்தான் முதல்ல எழுந்தேன். சீட்டு முழுசா இருந்துச்சு."

அப்பா அப்படியே நின்றார். "அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கலையே. அவளைத்தானே தினம் கேட்டீங்க."

அத்தை, அம்மாவுக்கு இத்தனை நாளும் தெரியும். தெரிந்த பிறகும் ராத்திரியில் என் காதில் ஒத்துக்கோ ஒத்துக்கோ என்று சொல்லியிருக்கிறாள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று நினைக்கிறேன், அவசரமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன், உதடு வெளுத்துப்போயிருந்தது. அவளுக்கு என்னை விடப் பயம்.

எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவரை நேராகப் பார்த்துக் கேட்டேன்:

"சொல்லணும்னு ஏதாவது இருக்காப்பா?"

மேசையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். கால் நடுங்கியது. அவர் என் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பின்னறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை, "உன் அத்தைக்கு அலமாரி வேணாமாம்" என்றார், என்னைப் பார்த்தே. "தெரியும்" என்றேன். அவ்வளவுதான். உங்களுக்காக அறுத்து வைத்த சட்டங்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

விண்ணப்பம் போகவில்லை. அம்மா அதை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டாள். அப்பா குனிந்து பார்த்தார். எடுக்கவில்லை. மேசை இப்போது ஆடுவதில்லை.

போன வாரம் மூன்றாவது முறையாக அலமாரிக்குக் கண்ணாடி போட்டார். கடைக்காரர் எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பது போலவே கொடுத்ததை, ஒன்றும் பேசாமல் வாங்கி வந்தார். சுற்றி இடம் இருக்கிறது. தெருவில் லாரி போனால் சட்டத்துக்குள் கடகடவென்று ஆடுகிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தாடை இறுகுகிறது. ஆனால் மழை விடாமல் பெய்தும் உடையவில்லை. சீட்டு ஒட்டவில்லை. நேற்று அம்மா கதவைத் திறந்து கேடயத்தைத் துடைத்தாள்.

நீங்கள் அடுத்த முறை வரும்போது உங்களுக்குக் கண்ணாடி டம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பேன். உடைந்தால் உடையட்டும்.

அம்மா தட்டு வைக்கிறாள், கூப்பிடுகிறாள். சாப்பிட்டு முடித்ததும் நான் அப்பாவைக் கேட்க வேண்டும். அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன், அவர் கேட்ட அதே வார்த்தைகளில், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் நாளைக்கும் கேட்பேன். யோசித்துச் சொல்லட்டும். ஓய்வு பெற்றவர்தானே, நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்
மிளகு